விறைத்து நடந்த குட்டிகள்

திங்கட்கிழமை காலை வேலியோரம் நின்று பக்கத்து நிலத்து நெவில் பாஸ்கோவின் குட்டிகளைப் பார்த்த நிமிஷமே வெர்னா ஹாடோவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மொத்தம் ஆயிரத்து நூறு செம்மறிக் குட்டிகள். பால்குடி மறந்து ஆறேழு மாதம் ஆனவை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து திரும்பிப் போகிற மந்தையின் கடைசியில் முப்பது நாற்பது குட்டிகள் பின்தங்கி வந்துகொண்டிருந்தன. முதுகைக் கூனிக்கொண்டு, பின்னங்காலை மடக்காமல், கட்டைக்கால் வைத்ததுபோல நடந்தன. ஒன்று நாலடி வைத்தது, நின்றது, அப்படியே படுத்துக்கொண்டது. நோஞ்சானும் இல்லை, முதுகு நிறையக் கறி இருந்தது. விவரம் தெரியாதவன் பார்த்தால் தின்ற கொழுப்பில் படுத்திருக்கிறது என்பான்.

வெர்னாவுக்கு விவரம் தெரியும். அந்த நடையை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள அவள் கொடுத்த விலையைப் பிண்டரிங் வட்டாரத்தில் வேறு யாரும் கொடுத்ததில்லை. இந்த நிலையில் அவற்றை ஓட்டக் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு மருந்து புகட்டினால் பிழைக்கும். பட்டிக்கு ஓட்டினால் போகும் வழியிலேயே பொத்துப் பொத்தென்று விழும். பாஸ்கோவிடம் ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

அவள் வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டுக் குடித்தாள். அன்றைக்குத் தேநீர் ருசியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அதே நிலம் அவள் புருஷன் டெஸ்ஸிடம் குத்தகையில் இருந்தது. சொந்தக்காரர் பெர்த் நகரத்தில் இருந்தார். நிலத்தில் வற்றாத கிணறு உண்டு. அங்கே கோடை தொடங்குகிற டிசம்பரில் கோதுமை அறுத்து முடித்ததும் எல்லோரும் செய்வதுபோல டெஸ்ஸும் குட்டிகளை அறுத்த வயலின் தாளடியில் இறக்கினான். உதிர்ந்த கோதுமையும் வைக்கோலும் வயிறு முட்டக் கிடைத்தன. மே மாத மழை வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை இலை கிடையாது. அதுவும் எல்லா வருஷமும் நடப்பதுதான். அந்த வருஷம் கோடை நீண்டது. மார்ச்சில் குட்டிகள் விறைத்து நடக்க ஆரம்பித்தன.

டெஸ் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் செய்கிற தப்பைச் செய்தான். செலினியம் என்கிற தாதுச்சத்து குறைவு என்று நினைத்து, செலினியம் புகட்டிவிட்டுக் காத்திருந்தான். குட்டிகள் விழுந்துகொண்டே இருந்தன. விழுந்தது எழ முடியாது. எழ முடியாதது தொட்டிக்கும் போகாது, தீனிக்கும் போகாது. பதினொரு நாளில் வயிறு ஒட்டி, எலும்பு துருத்தி, காக்கை கண்ணைக் கொத்தக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கால்நடை அதிகாரி வந்து இறங்கினார். யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். "தீனி போடாம பட்டினி போட்டுக் கொல்றான். கேக்க நாதி இல்ல. மனசு பொறுக்காம சொல்றேன்." கோர்ட்டில் இதை வாசித்தார்கள். சொன்னவர் பெயரையும் வாசித்தார்கள், நெவில் பாஸ்கோ.

வழக்கை இழுக்க வேண்டாம், ஒத்துக்கொள் என்றார் வக்கீல். டெஸ் ஒத்துக்கொண்டான். ஐந்து வருஷம் ஆடு வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு அதற்கு மூன்று வாரம் கழித்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. செலினியம் தேவைக்கு மேலேயே இருந்தது. வைட்டமின் ஈ அறவே இல்லை.

ஊர்க் கால்நடை டாக்டர் இங்க்ரிட் அதை வெர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினாள். மூச்சு இழுக்கிற உயிர் எல்லாவற்றுக்கும் உடம்புக்குள் ஒரு துரு ஏறிக்கொண்டே இருக்குமாம். அதைத் தடுக்கிற சத்து பச்சை இலையில்தான் இருக்கிறதாம். வைக்கோலில் வயிறு நிறையும், அந்தச் சத்து வராது. ஈரலில் சேர்த்துவைத்தது தீர்ந்ததும் துரு தசையைத் தின்ன ஆரம்பிக்கும். தொடைக்கறி வெளுத்துப்போகும், சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். பட்டினியே இல்லை வெர்னா, என்றாள் இங்க்ரிட். அதைக் கேட்க அப்போது கோர்ட் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து இங்க்ரிட் ஊரை விட்டுப் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். வைத்தியம் பார்த்த வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்ல மாட்டேன், ஆனாலும் மனசில் வைத்துக்கொண்டு போக முடியவில்லை என்றாள். டெஸ்ஸின் ஆடுகள் விழுவதற்கு முந்தின வருஷமே பாஸ்கோவின் ஆடுகளுக்கும் இதே நோய் வந்திருந்தது. பார்த்தது அவள்தான். வைட்டமின் ஈ கொடுங்கள், விறைத்து நடந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள் என்று சொன்னதும் அவள்தான். அவன் ஓசைப்படாமல் மருந்து புகட்டிக் காப்பாற்றிக்கொண்டான். ஆக, டெஸ்ஸின் குட்டிகள் விறைத்து நடந்தபோது அது என்ன நோய் என்று ஊரில் ஒருத்தனுக்குத் தெரிந்திருந்தது. அவன் போனை எடுத்தான். பேசினது டெஸ்ஸிடம் இல்லை.

டெஸ்ஸின் குத்தகை நிலம் பாஸ்கோவுக்குப் போனது. டெஸ் பதினோரு வருஷம் வகித்த காட்டுத்தீ அணைப்புப் படையின் தலைமையும் பாஸ்கோவுக்கே போனது. டெஸ் ஊருக்குள் போவதை விட்டான், படைக் கூட்டத்துக்குப் போவதை விட்டான். வெர்னா தன் பெயரில் இருநூறு ஆடு வாங்கினாள். அதையும் அவன் தொடவில்லை. தொடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, அவனாகத்தான் தொடவில்லை. குழாய்களைப் பழுது பார்ப்பான், வேலியைச் சரி செய்வான், ஆடு வந்தால் உள்ளே போய்விடுவான். இதையெல்லாம் நாலு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு மன்னிப்பு, மறதி என்று யாராவது உபதேசம் செய்ய வந்தால் அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான் நியாயம்.

அவள் வேறு வேலை பார்த்தாள். உப்புப் பூத்து எதற்கும் ஆகாமல் கிடந்த தாழ்வில் ஒன்பதாயிரம் உப்புப்புதர்க் கன்று நட்டாள். கோடையில் எல்லாம் வெளுக்கும்போது அது மட்டும் சாம்பல் பூசின பச்சையாக நிற்கும், துருவைத் தடுக்கிற சத்து அதில் ஏராளம். ஆடுகள் பகலெல்லாம் தாளடியில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் அதைக் கடித்தன. ஒன்றுகூட விறைக்கவில்லை. தாளடியில் மிச்சத் தீனி எவ்வளவு என்று பார்க்க ஒரு கம்பி வளையம் வைத்திருந்தாள். அதைத் தரையில் எறிந்து, உள்ளே விழுந்து கிடக்கிற கோதுமை மணியை எண்ணி நோட்டில் எழுதுவாள். இனி ஒருத்தன் பட்டினி என்ற சொல்லை எடுத்தால் நோட்டால் அடிக்கலாம் என்பது அவள் எண்ணம். ஊர் அவளுக்குப் பின்னால் சிரித்தது. பாஸ்கோ முன்னாலேயே சிரித்தான்.

புதன்கிழமை அவள் பண்ணைச் சாமான் கடைக்குப் போனாள். உண்மையைச் சொன்னால், பாதி மனசு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. இரண்டு நாளாகக் குட்டிகள் படுக்கிறதைப் பார்த்ததில் தேநீர் பழைய ருசியில் இல்லை. பாஸ்கோ அங்கே கல்லாப்பெட்டிமேல் சாய்ந்து, நாளைக்கு லாரி வருகிறது, குட்டி எல்லாம் ஏற்றுமதிக் கொட்டிலுக்குப் போகிறது என்று கடைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தான். இந்த ஜனவரியில் வைட்டமின் செலவே இல்லை, கிறிஸ்துமஸ் மழையில்தான் நிலம் பச்சையாகிவிட்டதே என்றான்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மழையில் என்ன முளைத்தது என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அவள் பார்த்திருந்தாள். காட்டுப் பூசணிக்கொடி. ஆடு வாய் வைக்காது. ரோட்டில் வண்டியில் போகிறவன் கண்ணுக்கு அதுவும் பச்சைதான்.

"நெவில், உன் குட்டிங்க..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு, உப்புச்செடி மகாராணியா?" அவன் திரும்பிப் பார்த்தான். "ஏன் வெர்னா, ஆட்டை உயிரோடவே உப்புக்கண்டம் போடறியாமே. கறிக்குத் தனியா உப்பு வேணாம், நல்ல ஏற்பாடு." கடைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். பாஸ்கோ அதோடு விட்டிருக்கலாம். "டெஸ்ஸையும் கூட்டிட்டு வாயேன். லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி குட்டிங்க வயித்தைக் காலி பண்ணணுமில்ல. வயித்தைக் காயப்போடறதுல அவனை மிஞ்ச ஆள் ஏது."

"என்னமோ சொல்ல வந்தியே," என்றான் பிறகு.

"மறந்துபோச்சு," என்றாள் வெர்னா. பாதி மனசு அங்கேயே செத்துவிட்டது. ஆணி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை முப்பத்தாறு டிகிரி வெயில். பாஸ்கோ நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பட்டிக்கு மந்தையை ஓட்டினான். வெர்னா உப்புப்புதர்களுக்கு நடுவில் நின்று பார்த்தாள். முதல் கிலோமீட்டரில் ஐந்தாறு விழுந்தன. அவன் வண்டியிலிருந்து இறங்கி, சோம்பேறிக் கழுதைகள் என்று காலால் தள்ளினான். இரண்டாவதில் கும்பல் கும்பலாக விழுந்தன. நாய்கள் கடிக்கப் போய், கடித்தும் அசையாததைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றன. மத்தியானத்துக்குள் பாதை நெடுக வெள்ளை மூட்டைகள் கிடந்தன. லாரிக்காரன் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சுக்குள் நாலு வருஷமாக இறுகிக் கிடந்தது இளகியது. ஒரு குட்டி அவள் பக்கம் தலையைத் தூக்கிக் கத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குள் போய்க் கால்நடை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பாஸ்கோவின் பெயரைச் சொன்னாள், இடம் சொன்னாள். "தீனி போடாம பட்டினி போட்டுக் கொல்றான். கேக்க நாதி இல்ல. மனசு பொறுக்காம சொல்றேன்." ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அதிகாரி ராங்கின் வந்தார். பழைய ஆள் இல்லை, புதியவர், நிதானமானவர். அதற்குள் முந்நூற்றுப் பத்து செத்திருந்தன. முந்தின வாரக் காற்று வைக்கோலை வாரிக்கொண்டு போயிருந்ததால் நிலம் மொட்டையாகத் தெரிந்தது. விழுந்து கிடந்தவற்றுக்கு இரண்டு நாளில் வயிறு ஒட்டிவிட்டது. சோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதற்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரர் வாக்குமூலம் வேண்டும் என்று வெர்னாவிடம் கேட்டார். தாளடியில் தீனி இருந்ததா, இல்லையா? நாளைக் காலை பதினோரு மணிக்கு ஊர் மண்டபத்தில் தீயணைப்புப் படையின் வருஷாந்தரக் கூட்டம், அங்கே வந்தால் சொல்கிறேன் என்றாள் வெர்னா. விந்தையாகப் பார்த்தார், ஆனால் சம்மதித்தார்.

அன்று மத்தியானமே பாஸ்கோ வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"வெர்னா, உன் வளையம் ஊருக்கே தெரியும். என் பக்கத்துலயும் எண்ணியிருப்பே. தீனி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா ஆடு வைக்கக் கூடாதுன்னுடுவான். குத்தகையும் போயிடும்."

"எண்ணினேன். வளையத்துக்கு நாப்பது மணி. அருமையான தீனி."

"அப்ப சொல்லேன், புண்ணியமாப் போகும்."

"டெஸ் ஆடு செத்தப்ப இதே நிலத்துல எத்தனை மணி கிடந்துச்சு நெவில்?"

அவன் தொப்பியைத் திருப்பினான். பழசையெல்லாம் இப்போது எதற்கு என்று முனகினான்.

"இங்க்ரிட் எல்லாம் சொல்லிட்டுத்தான் போனா," என்றாள் வெர்னா. "நாளைக்குக் கூட்டத்துல எழுந்து நிக்கிறே. உன் ஆட்டுக்கு முந்தின வருஷம் வந்ததுதான் டெஸ் ஆட்டுக்கும் வந்துச்சு, டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், தெரிஞ்சும் பட்டினின்னு போன் போட்டேன்னு சொல்றே. ஒரு வரி குறையாம. நீ உக்காந்ததும் நான் எழுந்து நாப்பது மணின்னு சொல்றேன்."

வேறு வழி இல்லையா என்று கேட்டான். இல்லை என்று கதவைச் சாத்தினாள். உள்ளே டெஸ் குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தான். யார் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். வெளியே தொத்திறைச்சியும் வெங்காயமும் வறுபட்டுக்கொண்டிருந்தன. ராங்கின் கடைசி வரிசையில் தகர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் லாரிகளின் டயர், புது ரேடியோ என்று கணக்கெல்லாம் முடிந்ததும் பாஸ்கோ மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நேற்று ராத்திரி பூரா ஒத்திகை பார்த்திருப்பான்போல, மனப்பாடமாக வந்தது. டெஸ் ஹாடோ ஆட்டைப் பட்டினி போடவில்லை என்றான். அது வைட்டமின் குறைவு என்றும், அதற்கு முந்தின வருஷம் தன் ஆடுகளும் அப்படியேதான் நடந்தன என்றும் சொன்னான்.

"டாக்டர் எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாங்க. விறைச்சு நடந்தா இந்த நோவுதான், மருந்து குடு, ஓட்டாதே, ஓட்டினா செத்துரும்னு. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. டெஸ்கிட்ட சொல்லல. போன் போட்டது நான்தான். தப்புதான்."

நாலு வருஷத்துக்கு முன்னால் டெஸ்ஸின் கையிலிருந்து படைத்தலைவரின் சாவிக்கொத்தை வாங்கிப் பாஸ்கோவிடம் கொடுத்த கிழவர் லீமிங் தரையைப் பார்த்தார். வெர்னா எழுந்து நோட்டைப் பிரித்து வாசித்தாள். வேலியிலிருந்து இருபது அடி, முப்பத்தெட்டு மணி. நூறு அடி, நாற்பத்திரண்டு. தீனி தாராளமாக இருந்தது, பாஸ்கோ ஆட்டைப் பட்டினி போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பாஸ்கோ பெருமூச்சு விட்டு உட்காரப் போனான்.

"மிஸ்டர் பாஸ்கோ, ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றார் ராங்கின் கடைசி வரிசையிலிருந்து. "வியாழக்கிழமை காலையில, ஓட்டறதுக்கு முன்னாடி, குட்டிங்க எப்படி நடந்துச்சு?"

பாஸ்கோ வெர்னாவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பட்டினி போட்டவன் என்றால் அசட்டைக் குற்றம், ஆடு வைக்கத் தடையோடு போயிருக்கும். இதுவோ தெரிந்தே ஓட்டிக் கொன்றது, அதுவும் எழுபது சாட்சி முன்னால் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. லாரிக்காரனின் படம் மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் போனிலும் இருந்தது. ராங்கின் பதிலுக்குக் காத்திருந்தார். "விறைச்சுத்தான்," என்றான் கடைசியில், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில். லீமிங் எழுந்து போய் அவன் முன்னால் கை நீட்டினார். பாஸ்கோ சாவிக்கொத்தை எடுத்து அந்தக் கையில் போட்டான்.

வெர்னா எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குப் பறந்தாள். டெஸ் பின்கட்டில் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்க எல்லாம் சொன்னாள். அவன் பெயர் துடைக்கப்பட்டதைச் சொன்னாள். லீமிங் நாளைக்கே வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றாள். பாஸ்கோவின் முகம் போன போக்கை இரண்டு தடவை சொன்னாள். அவன் முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை செத்துச்சு?" என்றான் டெஸ்.

"முந்நூத்திப் பத்து. இன்னிக்கு இன்னும் கூடியிருக்கும்."

"விறைச்சு நிக்கிறது?"

"நூத்தம்பது, எறநூறு இருக்கும். மருந்துக்குச் சொல்லியிருக்கானாம், செவ்வாக்கிழமைதான் வருமாம்."

"நம்மகிட்ட மருந்து இருக்கே."

டெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். நாலு வருஷமாக அவன் யாரையும் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"நீ தினமும் வேலியோரம் போறவ. எப்ப பாத்தே வெர்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனிடம் அவள் பொய் சொன்னதில்லை. "திங்கக்கிழமை."

அவன் விரலை மடக்கி எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன். பிறகு எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டான். கொட்டகைக்குப் போய் மருந்துப் பீப்பாய் இரண்டையும் உருட்டி வந்து வண்டியில் ஏற்றினான், வாயில் மருந்து பீச்சுகிற துப்பாக்கியையும் குழாயையும் எடுத்து வைத்தான். எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

"ஆட்டுக்கிட்ட."

"அது அவன் ஆடு டெஸ். உன்னை நடைபிணமாக்கினவன் ஆடு. நான் இத்தனையும் உனக்காகத்தான் பண்ணேன்."

"தெரியும்," என்றான் டெஸ். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அதுங்க எனக்காகச் சாகணும்னு நான் கேட்டேனா?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். பாஸ்கோவின் பட்டி இருந்த திசையில் புழுதி எழுந்து நெடுநேரம் அடங்காமல் நின்றது. மத்தியானம் முழுவதும் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக, டெஸ் இருக்கிறாரா, ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். இல்லை, வெளியே போயிருக்கிறார் என்று வெர்னா ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.